விடை ஒன்றுதானா?

ஆங்கிலப் பரீட்சைக்கு உட்காருகிற ஒரு பையனிடம் நாம் எதிர்பார்ப்பது என்ன என்று யோசித்துப் பார்த்தால், சற்று விசித்திரமான முடிவுக்குத்தான் வரவேண்டியிருக்கிறது. அவனுக்கு நன்றாகப் படிக்கத் தெரியவேண்டும். ஆனால் ரொம்பவும் நன்றாகப் படித்துவிடக் கூடாது. நன்றாகப் படிக்கிறவன் ஒரு வாக்கியத்துக்கு இரண்டு அர்த்தம் இருந்தால் இரண்டையும் பார்த்துவிடுவான். பார்த்தவனுக்குத்தான் கஷ்டம். பார்க்காதவன் முதலில் தோன்றியதைக் குறித்துவிட்டு நிம்மதியாக அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறான்.

கேள்வித்தாளைப் பற்றி இலக்கிய விமரிசனம் எழுதுவதா என்று வாசகர்கள் கேட்கலாம். எழுதவேண்டும் என்றே நான் நினைக்கிறேன். நம்மிடையே ஒரு நல்ல நாவல் ஆயிரம் பிரதி விற்றால் பெரிய விஷயம். கேள்வித்தாளில் அச்சாகிற அரைப் பக்க உரைநடையை ஒரே காலைப்பொழுதில் லட்சக்கணக்கான பேர் படிக்கிறார்கள். வேறு எந்த எழுத்தையும் படிக்காத கவனத்தோடு, பயபக்தியோடு படிக்கிறார்கள். எழுத்தை எப்படிப் படிக்கவேண்டும் என்று ஜனங்களுக்குக் கற்றுக்கொடுப்பவர்கள் விமரிசகர்கள் அல்ல, பரீட்சகர்கள்தாம். ஆகையால் அவர்கள் என்ன கற்றுக்கொடுக்கிறார்கள் என்று கேட்க எழுதுகிறவனுக்கு உரிமை உண்டு.

ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். ‘ஹீ டிட் நாட் மேரி ஹெர் பிகாஸ் ஷீ வாஸ் ரிச்.’ எல்லாம் சின்னஞ்சிறு சொற்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் கல்யாணம் நடந்ததா இல்லையா என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. அவள் பணக்காரி, அந்தப் பணத்தைக் கண்டு கூசி அவன் அவளை மணக்காமல் ஒதுங்கிவிட்டான் என்று ஓர் அர்த்தம். அவன் அவளை மணந்தது உண்மைதான், ஆனால் பணத்துக்காக மணக்கவில்லை என்று இன்னோர் அர்த்தம். முதல் அர்த்தத்தில் அவன் பிரம்மசாரி, இரண்டாவதில் குடும்பஸ்தன். இந்த வாக்கியத்தைக் கொடுத்து, கீழே நாலு விடைகளையும் கொடுத்து, சரியான ஒன்றைக் குறி என்றால் பையன் என்ன செய்வான்? வாக்கியத்தின் அர்த்தத்தை விட்டுவிட்டு, கேள்வி தயாரித்தவரின் மனத்தில் ஓடிய அர்த்தம் எதுவாக இருக்கும் என்று ஊகிக்கத் தொடங்குவான். இது படிப்பு அல்ல, ஜோசியம்.

ஆங்கிலத்தின் குறை இது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ‘பணக்காரி என்பதற்காக அவன் அவளைக் கல்யாணம் செய்துகொள்ளவில்லை’ என்று தமிழில் எழுதினாலும் அதே மயக்கம் அப்படியே இருக்கிறது. ‘ஆல் தி கேண்டிடேட்ஸ் டிட் நாட் பாஸ்’ என்றால் ஒருவருமே தேறவில்லையா, சிலர் தேறிச் சிலர் தேறவில்லையா? ‘எல்லாரும் தேறவில்லை’ என்று தமிழில் சொன்னாலும் அதே கேள்வி எழுகிறது. ஆனால் பேச்சில் யாரும் இதனால் சங்கடப்படுவதில்லை. ‘எல்லாரும்’ என்பதைச் சற்று அழுத்திச் சொன்னால் ஓர் அர்த்தம். அழுத்தாமல் சொன்னால் இன்னொன்று. குரல் செய்கிற வேலையை எழுத்தில் முன்பின் வாக்கியங்கள் செய்கின்றன. பரீட்சைத் தாளில் குரலும் இல்லை, பல சமயம் முன்பின் வாக்கியங்களும் இல்லை.

இந்த விஷயத்தை நம் இலக்கண ஆசிரியர்கள் மிகத் தெளிவாகப் பார்த்திருக்கிறார்கள். ஒரே சொல்லுக்குப் பல பொருள் இருக்கும்போது எந்தப் பொருள் என்று எப்படித் தெரிந்துகொள்வது? தொல்காப்பியர் மூன்று துணைகளைச் சொல்கிறார்: வினை, இனம், சார்பு. ‘மா’ என்ற சொல்லுக்கு மரம் என்றும் விலங்கு என்றும் பொருள் உண்டு. மா பூத்தது என்றால் வினையைக் கொண்டு அது மரம் என்று தெரிந்துவிடும். மாவும் மருதும் என்று சேர்த்துச் சொன்னால் இனத்தைக் கொண்டு தெரியும். கவசம் பூண்டு நிற்கிறவன் மா கொண்டு வா என்றால் சந்தர்ப்பத்தைக் கொண்டு குதிரை என்று தெரியும். சரி, மா வீழ்ந்தது என்றால்? மரமும் விழும், மிருகமும் விழும். அங்கே கேட்பவனைத் திண்டாடவிடாமல், சொல்பவனே இன்னது என்று விளக்கிச் சொல்லவேண்டும் என்பது விதி. பொறுப்பு யாருடையது என்பதைக் கவனிக்கவேண்டும். விளங்கும்படி சொல்வது சொல்பவன் கடமை. பரீட்சையிலோ சொன்னவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. கேட்டவனுக்குத்தான் மார்க்கு போகிறது.

சொல்லில் மட்டுமல்ல, தொடரிலும் இந்த மயக்கம் உண்டு என்பதை உரையாசிரியர்கள் காட்டியிருக்கிறார்கள். புலி கொன்ற யானை என்றால், புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா? யானை ஓடுகிறது என்று அடுத்து வந்தால் அது உயிரோடிருக்கிறது, செத்தது புலி. அதன் தந்தத்தை எடுத்து வந்தார்கள் என்றால் செத்தது யானை. இதே புதிரை 1957இல் அமெரிக்க மொழியியலாளர் நோம் சோம்ஸ்கி தம் ‘ஸின்டாக்டிக் ஸ்ட்ரக்சர்ஸ்’ என்ற நூலில் எடுத்துப் பேசினார். வேடர்கள் சுட்டார்களா, சுடப்பட்டார்களா என்று சொல்ல முடியாத ஓர் ஆங்கிலத் தொடர் அவருடைய உதாரணம். மேலே பார்த்தால் ஒரே தொடர், உள்ளே இரண்டு வேறு அமைப்புகள் என்று அவர் அதற்குக் காரணம் காட்டினார். காட்டில் நடக்கிற கொலையில் யார் செத்தார் என்று தெரியாமல் நம்முடைய உரையாசிரியரும் அமெரிக்கப் பேராசிரியரும் ஒரே இடத்தில் வந்து நிற்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

நன்னூலில் இன்னொரு நயம் இருக்கிறது. நூலுக்குரிய பத்துக் குற்றங்களில் ‘மயங்க வைத்தல்’ என்று ஒன்றைச் சொல்கிறார் பவணந்தியார். முப்பத்திரண்டு உத்திகளைச் சொல்லும்போது அவற்றில் ‘இரட்டுற மொழிதல்’ என்று ஒன்றையும் சேர்க்கிறார். படிக்கிறவனுக்கு அர்த்தம் புரியாமல் தடுமாறச் செய்தால் குற்றம். ஒரே சொல்லில் இரண்டு அர்த்தத்தையும் தெரிந்தே வைத்தால் உத்தி. இரண்டும் ஒரே பாயிரத்தில் இருக்கின்றன. இரட்டைப் பொருள் தன்னளவில் நல்லதும் அல்ல, கெட்டதும் அல்ல. அது எங்கே, எதற்காக வந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. இந்த விவேகம் நம்முடைய பழைய நூலில் இருக்கிறது. பரீட்சைத் தாளில் இல்லை.

ஏன் இல்லாமல் போயிற்று என்பதற்கு ஒரு சரித்திரம் உண்டு. அயல்மொழிக்காரர்களுக்கென்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் நடத்திய முதல் ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சை 1913இல் நடந்தது. வந்தவர்கள் மூன்றே பேர். பன்னிரண்டு மணி நேரம் எழுதினார்கள். மொழிபெயர்த்தார்கள், கட்டுரை எழுதினார்கள், உச்சரிப்பைக்கூட விளக்கினார்கள். மூன்று பேரும் தேறவில்லை. அது கொடுமையான பரீட்சைதான். ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும்: அங்கே பரீட்சை எழுதியவன் ஒரு வாக்கியத்தை இப்படிப் புரிந்துகொண்டேன் என்று எழுதிக் காட்ட இடம் இருந்தது. மொழிபெயர்ப்பு என்பதே ஒரு வியாக்கியானம்தானே.

அதே சமயத்தில் அமெரிக்காவில் வேறொரு காரியம் நடந்தது. பிரெடரிக் கெல்லி என்ற கல்வியாளர், ஆசிரியர்கள் போடுகிற மார்க்கு ஆளுக்கு ஆள் எவ்வளவு மாறுகிறது என்பதை ஆராய்ந்து 1914இல் ஒரு நூல் எழுதினார். அதற்குப் பரிகாரமாக, அடுத்த ஆண்டிலேயே கான்ஸாஸ் மாநிலத்துப் பள்ளிப் பிள்ளைகளின் வாசிப்புத் திறமையை அளக்க ஒரு புதுமாதிரிப் பரீட்சையைத் தயாரித்தார். பல விடைகளில் சரியானதைக் குறிக்கிற பரீட்சைகளில் முதலாவது என்று பலரும் சொல்வது இதைத்தான். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரே அர்த்தம்தான் இருக்கலாம், ஒரே விடைதான் இருக்கலாம் என்பது அதன் அடிப்படை. கணக்குக்காகப் பிறந்த முறை இது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இல்லை, வாசிப்பை அளக்கத்தான் பிறந்தது.

அந்தப் பரீட்சையில் ஒரு கேள்வி: பசு, புலி, எலி, ஓநாய் என்ற நான்கில் பண்ணைக்கு உபயோகமான பிராணியைச் சுற்றிக் கோடு போடவேண்டும். விடை பசு. குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் வயலில் எலி வளையை வெட்டி, அது சேர்த்து வைத்த நெல்லை எடுத்துக் கஞ்சி காய்ச்சுகிற இருளர் வீட்டுப் பிள்ளையிடம் இதைக் கேட்டால்? மலையடிவாரத்தில் காட்டுப் பன்றி தின்று தீர்த்த சோளக்கொல்லையைப் பார்த்து, பன்றியைத் தின்னப் புலி வராதா என்று ஏங்குகிற குடியானவனிடம் கேட்டால்? நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. உபயோகம் என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம் இருக்கவேண்டுமானால், படிக்கிறவர்கள் எல்லாருக்கும் ஒரே பண்ணை இருக்கவேண்டும். கான்ஸாஸில் அது ஓரளவு சாத்தியம். உலகம் முழுவதிலுமிருந்து ஆங்கிலப் பரீட்சைக்கு ஆட்கள் வந்து உட்காருகிற இன்றைக்கு அது சாத்தியமே இல்லை.

இந்த முறையின் நியாயத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. கெல்லி கண்ட வியாதி பொய் அல்ல. ஒரே கட்டுரைக்கு ஒரு வாத்தியார் எழுபதும் இன்னொருவர் நாற்பதும் போடுவதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். பையனுடைய ஜாதியைப் பார்த்து, தகப்பனாருடைய உத்தியோகத்தைப் பார்த்து, கையெழுத்தைப் பார்த்து மார்க்குப் போடுகிறவர்களும் உண்டு. இயந்திரத்துக்குக் கையெழுத்தும் தெரியாது, ஜாதியும் தெரியாது. ஏழைப் பையனுக்கும் மிராசுதார் மகனுக்கும் அது ஒரே விடையைத்தான் கேட்கிறது. மருந்துச் சீட்டுக்கும் ரயில்வே சிக்னலுக்கும் இரண்டு அர்த்தம் இருந்தால் ஆள் சாவான் என்பதும் உண்மை. ஆகவே ஒரே விடை என்ற ஏற்பாட்டைக் கேலி செய்து ஒதுக்கிவிட முடியாது. ஆனால் விடையில் சமத்துவம் காட்டினால் போதாது. கேள்வியும் யோக்கியமானதாக இருக்கவேண்டும். இதற்கு மூன்று உதாரணம் சொல்கிறேன். மூன்றும் அமெரிக்காவில் பகிரங்கமாக நடந்தவை. மூன்றிலும் குற்றம் வேறு வேறு.

முதலாவது, 2002 அக்டோபரில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு நடந்த பி.எஸ்.ஏ.டி. பரீட்சை. 1993இல் நோபல் பரிசு பெற்ற நாவலாசிரியை டோனி மாரிஸனைப் பற்றி ஒரு வாக்கியம் கொடுத்து, அதில் இலக்கணப் பிழை எங்கே என்று கேட்டார்கள். டோனி மாரிஸனின் மேதைமை அவருக்கு இன்ன மாதிரி நாவல்களைப் படைக்கும் சக்தியைத் தருகிறது என்பது சாரம். பிழை ஒன்றும் இல்லை என்பது பரீட்சகர்கள் வைத்திருந்த விடை. மேரிலாந்து மாநிலத்து ஆசிரியர் ஒருவர் இதை ஆட்சேபித்தார். ‘மாரிஸனின்’ என்று உடைமைப் பொருளில்தான் பெயர் வந்திருக்கிறது; மாரிஸன் என்று தனியாக வரவில்லை; ஆகையால் பின்னால் வருகிற ‘ஹெர்’ என்ற சுட்டுக்கு நிற்க இடம் இல்லை என்றார். அவர் சொன்ன விதி பல இலக்கணப் புத்தகங்களில் இருக்கத்தான் செய்தது. முதலில் மறுத்த அதிகாரிகள் 2003இல் இறங்கிவந்து, அந்தக் கேள்வியைத் தள்ளிவிட்டு மார்க்குகளைத் திரும்பக் கணக்கிட்டார்கள்.

ஆசிரியருடைய துணிச்சலைப் பாராட்டவேண்டும். ஆனால் அந்தச் சண்டையில் இரண்டு தரப்பும் ஒன்றைக் கவனிக்கவில்லை. அந்த வாக்கியத்தை யாருமே தப்பாகப் புரிந்துகொள்ள முடியாது. ‘ஹெர்’ என்பது மாரிஸனைத் தவிர வேறு யாரையும் சுட்டாது. வேறு பெண்ணே அங்கே இல்லை. சுட்டுச்சொல் மயங்கக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட விதி, மயக்கம் இல்லாத இடத்தில் தூக்கிப் பிடிக்கப்பட்டது. ‘ரவீஸ் ஃபாதர் ஸெட் ஹீ வாஸ் டயர்ட்’ என்று எழுதினால் அங்கேதான் அந்த விதிக்கு வேலை. களைத்தது ரவியா, அவன் அப்பாவா? ஆங்கிலத்தில் தெரியாது. தமிழில் எழுதுகிறவன் இங்கே தப்பித்துக்கொள்கிறான். தமக்குக் களைப்பாக இருக்கிறது என்றாரா, அவனுக்குக் களைப்பாக இருக்கிறது என்றாரா என்று மரியாதை விகுதியே காட்டிக்கொடுத்துவிடும்.

இது சாதாரண விஷயம் அல்ல. ஒவ்வொரு மொழியும் சில இடங்களில் நம்மைக் கட்டாயமாகத் தெளிவுபடுத்தச் சொல்கிறது. சில இடங்களில் மூடிவைக்க அனுமதிக்கிறது. ‘வீ மஸ்ட் லீவ் நௌ’ என்று ஒரு பாத்திரம் சொல்கிறது. இங்கிலீஷ்காரனுக்கு இதில் சந்தேகமே இல்லை. தமிழனுக்கு உடனே ஒரு கேள்வி எழுகிறது: நாமா, நாங்களா? கேட்கிறவனும் கூடப் போகிறானா, அவனை விட்டுவிட்டுப் போகிறார்களா? ஒரு கதையின் திருப்பமே இதில் அடங்கியிருக்கலாம். அயல்மொழிக்காரன் ஆங்கிலம் போதாமல் தடுமாறுகிறான் என்று பரீட்சகர் நினைக்கிற இடத்தில், தன் தாய்மொழி கற்றுக்கொடுத்த கூர்மையால் அவன் தடுமாறிக்கொண்டிருக்கலாம். ஆங்கிலேயன் கவனிக்காமல் தாண்டிப் போகிற பள்ளம் இவன் கண்ணில் படுகிறது. அதற்கு மார்க்கு கிடையாது.

இரண்டாவது உதாரணம் 2012 ஏப்ரலில் நியூயார்க் மாநிலத்தில் எட்டாம் வகுப்பு ஆங்கிலப் பரீட்சையில் நடந்தது. ஒரு முயலும் ஓர் அன்னாசிப் பழமும் ஓட்டப் பந்தயம் வைத்துக்கொள்கின்றன. அன்னாசி ஏதோ தந்திரம் வைத்திருக்கிறது என்று மற்ற மிருகங்கள் நினைக்கின்றன. ஒரு தந்திரமும் இல்லை, அன்னாசி நின்ற இடத்திலேயே நிற்கிறது, முயல் ஜயிக்கிறது, மிருகங்கள் அன்னாசியைத் தின்றுவிடுகின்றன. டேனியல் பிங்க்வாட்டர் என்ற எழுத்தாளர் எழுதியதை மாற்றித் தயாரித்த கதை இது; அவருடைய மூலத்தில் ஓடியது கத்தரிக்காய். அன்னாசியை ஏன் தின்றன, மிருகங்களில் எது புத்திசாலி என்று பிள்ளைகளைக் கேட்டார்கள். பிள்ளைகள் விழித்தார்கள், பெற்றோர்கள் கொதித்தார்கள், எழுத்தாளரே அது அர்த்தம் இல்லாத வேடிக்கைக் கதைதான் என்று சொல்லிவிட்டார். மாநிலக் கல்வி அதிகாரி அந்தக் கேள்விகளை மார்க்குக் கணக்கிலிருந்து நீக்கினார்.

அசட்டுக் கதை குழந்தைகளுக்கு நல்லதுதான். தர்க்கத்தைக் கவிழ்த்துப் போட்டுச் சிரிக்கவைப்பதற்காகவே எழுதப்பட்டது அது. சிரிக்கவேண்டிய இடத்தில் காரணம் கேட்டது பரீட்சையின் குற்றம். ஒரு எழுத்து எந்த ஜாதியைச் சேர்ந்தது என்று தெரியாமல் அதன் அர்த்தத்தைக் கேட்பது, மா என்பது மரமா குதிரையா என்று பார்க்காமல் ஏறி உட்காருவது மாதிரிதான்.

மூன்றாவது உதாரணம்தான் எழுதுகிறவர்களுக்குச் சுவாரஸ்யமானது. ஸாரா ஹோல்ப்ரூக் என்ற அமெரிக்கக் கவிஞருடைய கவிதைகளை டெக்ஸாஸ் மாநிலப் பரீட்சைகளில் உபயோகித்திருந்தார்கள். தம்முடைய கவிதைகளைப் பற்றிய கேள்விகளுக்குத் தம்மாலேயே விடை சொல்ல முடியவில்லை என்று 2017 ஜனவரியில் அவர் எழுதினார். கவிஞர் கவிதையை ஏன் இரண்டு பகுதியாகப் பிரித்தார் என்பது ஒரு கேள்வி. மேடையில் சொல்லும்போது அந்த இடத்தில் நிறுத்தி மூச்சு விடுவேன், அதனால் பிரித்தேன் என்பது அவருடைய பதில். கொடுத்திருந்த நாலு விடைகளில் அது இல்லை.

ஆசிரியருக்கே தெரியவில்லை, ஆகவே பரீட்சை அபத்தம் என்று இதைப் பலரும் எடுத்துக்கொண்டார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். எழுதியவன் சொல்வதுதான் கடைசி அர்த்தம் என்ற கொள்கை 1946லேயே விம்ஸாட், பியர்ட்ஸ்லி என்ற இரண்டு அமெரிக்க விமரிசகர்களால் வலுவாக மறுக்கப்பட்டுவிட்டது. எழுத்தாளன் நினைத்ததைவிட எழுத்து அதிகம் சொல்லக்கூடும், குறைவாகவும் சொல்லக்கூடும். நான் எழுதிய கதைகளில் நான் காணாததை வாசகர்கள் கண்டு சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் சொன்னதே சரியாகவும் இருந்திருக்கிறது. இங்கே தவறு எங்கே என்றால், கவிஞர் ஏன் செய்தார் என்று கேட்டதில். அது அவருடைய மனத்தைப் பற்றிய கேள்வி, அவரைத்தான் கேட்கவேண்டும். அந்த இடத்தில் கவிதை உடைவதால் படிக்கிற உனக்கு என்ன நேர்கிறது என்று கேட்டிருந்தால், அது கவிதையைப் பற்றிய கேள்வியாக இருந்திருக்கும். ஆனால் அதற்கு நாலு விடை தயாரிக்க முடியாது. அளக்கச் சுலபமானதையே பரீட்சை கேட்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகு, ஓர் ஆங்கிலப் பரீட்சையில் நான் கண்ட நல்ல அம்சத்தையும் சொல்லவேண்டும். 1989 முதல் நடந்துவருகிற ஐ.இ.எல்.டி.எஸ். பரீட்சையை நம் ஊர்களிலிருந்து வெளிநாட்டுக்குப் போகிற மாணவர்களும் நர்ஸுகளும் நன்றாக அறிவார்கள். அதன் வாசிப்புப் பகுதியில் ஒரு வகைக் கேள்வி உண்டு. ஒரு பகுதியைப் படித்துவிட்டு, கீழே உள்ள ஒவ்வொரு கூற்றும் சரியா, தவறா, அல்லது ‘நாட் கிவன்’, அதாவது அதைப் பற்றிச் சொல்லப்படவே இல்லையா என்று தீர்மானிக்கவேண்டும். பரீட்சை எழுதியவர்களைக் கேட்டால் இதைத்தான் சபிப்பார்கள். தவறு என்பதற்கும் சொல்லப்படவில்லை என்பதற்கும் என்ன வித்தியாசம் என்று புலம்புவார்கள். எனக்கு இந்த மூன்றாவது விடையில் பெரிய மதிப்பு உண்டு. இல்லை என்பது வேறு, சொல்லவில்லை என்பது வேறு. இந்த வித்தியாசம் தெரிந்தவனைப் பத்திரிகையோ அரசியல்வாதியோ சுலபமாக ஏமாற்ற முடியாது.

ஆனால் அங்கேயும் ஒரு சிக்கல் இருக்கிறது. வெள்ளத்துக்குப் பிறகு பாலம் செப்பனிடப்பட்டது என்று பகுதியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெள்ளம் பாலத்தைச் சேதப்படுத்தியது என்பது கூற்று. சரியா? வெள்ளத்தினால் என்று சொல்லவில்லை. பிறகு என்றுதான் சொல்லியிருக்கிறது. பாலம் ஏற்கெனவே பழுதாகி, வெள்ளம் வடியட்டும் என்று காத்திருந்திருக்கலாம். கறாராகப் பார்த்தால் சொல்லப்படவில்லை என்பதே விடை. ஆனால் உலகத்தில் எந்த மனிதனும் அந்த வாக்கியத்தை அப்படிப் படிக்கமாட்டான். வெள்ளம், பாலம், செப்பனிடுதல் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்து நடந்ததை ஊகித்துவிடுவான். அந்த ஊகம் சோம்பலினால் வருவதல்ல. மொழி அந்த நம்பிக்கையில்தான் நடக்கிறது.

கதை எழுதுகிறவனுக்கு இது ஜீவாதாரமான விஷயம். பாதிக்கு மேல் நாங்கள் சொல்லாமல் விட்டதை வைத்துத்தான் பிழைக்கிறோம். அவள் கதவைச் சாத்தினாள். வெகு நேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்தாள் என்று எழுதினால், உள்ளே அழுதாள் என்று வாசகன் தானே தெரிந்துகொள்ளவேண்டும். சொல்லப்படவில்லை என்று அவன் குறித்துவிட்டுப் போனால் கதை செத்தது. சட்ட வக்கீலைப் போலப் படிக்கவேண்டிய இடமும் உண்டு. பக்கத்து வீட்டுக்காரனைப் போலப் படிக்கவேண்டிய இடமும் உண்டு. எந்த இடம் எது என்று தெரிவதுதான் வாசிப்பு. அதைத்தான் பரீட்சை கேட்பதில்லை.

வேறு விதமாகக் கேட்க முடியாதா என்றால், முடியும் என்று காட்டியவர்கள் இருக்கிறார்கள். கேம்பிரிட்ஜில் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ், கவிஞர்களின் பெயரை மறைத்துவிட்டுக் கவிதைகளை மட்டும் தம் மாணவர்களிடம் கொடுத்து, தோன்றியதை எழுதி வரச் சொன்னார். நன்றாகப் படித்த பிள்ளைகள்கூட நேர்ப் பொருளையே தவறவிட்டிருந்தார்கள். அவர் அவர்களைப் பெயிலாக்கவில்லை. எங்கே இடறினார்கள், ஏன் இடறினார்கள் என்று வகைப்படுத்தி 1929இல் ‘பிராக்டிகல் கிரிட்டிஸிஸம்’ என்ற புத்தகமாக்கினார். அவரிடம் படித்த வில்லியம் எம்ப்ஸன் மறு ஆண்டே இருபத்துநாலு வயதில், ஆங்கிலக் கவிதையில் இரட்டைப் பொருள் தோன்றும் விதங்களை ஏழாகப் பிரித்து ஒரு நூல் எழுதினார். ஒரு வாத்தியார் தப்பான வாசிப்பை மரியாதையோடு கவனித்தார்; அவருடைய மாணவன் இரண்டு அர்த்தத்தைச் செல்வமாகக் கண்டான். இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

லட்சம் பேர் எழுதும் பரீட்சையில் ரிச்சர்ட்ஸ் மாதிரி ஒவ்வொரு தாளையும் உட்கார்ந்து ஆராய முடியாது, எனக்கும் தெரியும். ஆனால் இரண்டு காரியங்கள் செய்யலாம். கேள்விக்கு எடுக்கிற வாக்கியத்தை அதன் முன்பின் வாக்கியங்களோடு அச்சிடலாம். காகிதச் செலவு ஒன்றும் பிரமாதமாக ஏறிவிடாது. இன்னொன்று: இரண்டு அர்த்தம் தருகிற வாக்கியத்தை ஒளித்துவைத்துப் பொறி வைக்காமல், வெளிப்படையாகவே கொடுத்து, இதற்கு என்னென்ன அர்த்தம் உண்டு, எந்தச் சந்தர்ப்பத்தில் எது பொருந்தும் என்று கேட்கலாம். கல்யாணம் நடந்ததா இல்லையா என்ற அந்த வாக்கியத்தையே கொடுத்து, அடுத்து வரக்கூடிய வாக்கியம் ஒன்றை ஒவ்வோர் அர்த்தத்துக்கும் எழுதச் சொல்லலாம். இரண்டு வரி எழுதினால் போதும். திருத்துவதும் கஷ்டம் அல்ல. அந்த இரண்டு வரி, பையனுக்கு ஆங்கிலம் வருமா வராதா என்பதை நாற்பது கட்டங்களைவிடத் தெளிவாகச் சொல்லிவிடும்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் ஒரு பையனை இந்தப் பரீட்சைகளில் பழக்கினால் என்ன ஆகும் என்பதுதான் என் கவலை. மார்க்கு குறைந்ததற்காக நான் அழவில்லை. அதைத் திரும்பக் கூட்டிக் கொடுத்துவிடலாம், 2003இல் கொடுத்த மாதிரி. ஒரு வாக்கியத்தில் இரண்டாவது அர்த்தம் தெரிந்தவுடன் கண்ணை மூடிக்கொண்டு முதல் அர்த்தத்துக்கு ஓடிப்போகிற வழக்கம் அவனிடம் படிந்துவிடுகிறது. பிறகு அவன் கையில் நாவலைக் கொடுத்தாலும் கருத்து என்ன என்று ஒரு வரியில் கேட்கிறான். கூடவே இருக்கும் மனுஷர்கள் பேசுகிற பேச்சையும் அவன் அப்படித்தான் கேட்பான் என்று எனக்குத் தோன்றுகிறது. பரீட்சை மண்டபத்தில் பேனாவை நிறுத்திவிட்டு, இதற்கு இன்னொரு அர்த்தமும் இருக்கிறதே என்று ஒரு பையன் யோசிக்கிறான். அந்த இரண்டு நிமிஷம் அவன் வீணடித்த நேரம் என்று இன்றைய கேள்வித்தாள் சொல்கிறது. அந்த இரண்டு நிமிஷத்தில்தான் அவன் உண்மையாகப் படித்துக்கொண்டிருந்தான். அதற்கு மார்க்குப் போட ஒரு வழி கண்டுபிடிக்கவேண்டும்.